டேப் சுற்றிய கால்

இயேசு மரி சூசை துணை

சாந்தோம்,
9.6.2025

அன்புள்ள ஃபிரெட்ரிக் அண்ணனுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே நான் சுகம். கோத்தகிரிக் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால் "பரவாயில்ல, சொல்லு, சொல்லு" என்று சொல்லியே வைத்துவிடுகிறாய். அதனால்தான் தபால். எழுதிக் கேட்டால் நீ எழுதித்தான் பதில் சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருஷ டீச்சர் புத்தி, போகுமா?

ஏப்ரலில் ஓய்வு பெற்றேன் அல்லவா, பிள்ளைகள் சேர்ந்து ஸ்பாட்டிங் ஸ்கோப் என்கிற சின்ன ஒற்றைக்கண் தொலைநோக்கியைப் பரிசு கொடுத்தார்கள். உயிரியல் டீச்சர் அடையாறு முகத்துவாரத்தில் உட்கார்ந்து நாரை பார்ப்பாள் என்று அவர்களுக்கு ஒரு நம்பிக்கை. கையில் பிடித்துப் பார்த்தால் நாரைக்கு நாலு கால் தெரிகிறது. அவ்வளவு ஆட்டம். ஒரு டிரைபாடும் அதற்கு மேல் ஸ்கோப்பைப் பிடித்துத் திருப்புகிற ஒரு ஹெட்டும் வேண்டும். லேசாக இருக்க வேண்டும். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை, மொட்டை மாடிக்கு நாலு மாடி ஏற வேண்டும். லஸ்ஸில் இருபது வருஷம் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவன் நீ. உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்?

இன்னொரு சேதி. ஜாக்சன் நம் பின்தெருவுக்கே குடிவந்துவிட்டான். அதே பேண்ட் மாஸ்டர் ஜாக்சன்தான். ஏழு வருஷத்துக்கு முன்னால் ஆண்டுவிழாவில் விளக்கு ஸ்டாண்ட் தன்மேல் விழுந்ததற்கு, "பி.டி. மாஸ்டர் குடித்துவிட்டு வந்து இடித்தார்" என்று விசாரணையில் சொல்லி என் புருஷன் பிரகாசத்தின் வேலையைப் பறித்தவன். வேலை போன பதினோராம் மாதம் அவர் உயிரும் போனது. இவன் பூசைக்கு வாக்கரைத் தள்ளிக்கொண்டு வருகிறான். சனமெல்லாம் எழுந்து வழி விடுகிறது. எனக்கு வயிறு எரிகிறது.

சீக்கிரம் எழுது.

அன்புத் தங்கை,
ரெனிட்டா


கோத்தகிரி,
17.6.2025

அன்புத் தங்கை ரெனிட்டாவுக்கு,

முழங்கால் வெயில் வந்தால் நடக்கிறது, மழை வந்தால் உட்காருகிறது. மற்றபடி நலம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

டிரைபாட் விஷயத்தில் சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறாய். உன் ஸ்கோப் முக்கால் கிலோ கூட இருக்காது. கால், ஹெட் இரண்டும் சேர்ந்து ஒன்றரைக் கிலோவுக்குள் பார். அலுமினியம் போதும். கார்பன் என்றால் இன்னும் லேசு, அதிர்வும் சட்டென்று அடங்கும். நடுத்தண்டைத் தூக்கி உயரம் கூட்டாதே, அங்கேதான் ஆட்டம் பிறக்கும். மூன்று மடிப்புக் கால் நாலு மடிப்பை விட உறுதி. கடைசி மடிப்பு சுண்டுவிரல் மாதிரி ஒல்லியாக இருந்தால் கடையை விட்டு வெளியே வந்துவிடு.

ஹெட்தான் முக்கியம். உருண்டை மூட்டு வைத்த பால் ஹெட்டைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். போட்டோவுக்கு அது சரி. ஸ்கோப்புக்கு ஆகாது. திருகைத் தளர்த்தியதும் தொப்பென்று தலை கவிழும். கைப்பிடி வைத்த சின்ன ஃப்ளூயிட் ஹெட் வாங்கு. எண்ணெய் போட்ட கதவு மாதிரி வழுக்கிப் போய், நிறுத்திய இடத்தில் நிற்கும்.

லஸ்ஸில் அக்பர் பாஷா இன்னும் கடை வைத்திருந்தால் என் பெயரைச் சொல்.

உன் அண்ணன்,
ஃபிரெட்ரிக்


சாந்தோம்,
21.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உன் சுகமும் அறிந்தேன். அக்பர் பாஷா கடை இருக்கிறது, அவர் முடிதான் இல்லை. "ஃபிரெட்ரிக்கு தங்கச்சியா? இன்னாம்மா, புறா பாக்கப் போறீங்களா?" என்று சிரித்தார். உன் யோசனையைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு நாலு டிரைபாடை வெளியே எடுத்து வைத்தார்.

வாங்கும் முன் உன்னிடம் சில கேள்விகள். ஒன்று, மொட்டை மாடிச் சுவர் என் நெஞ்சு உயரம். அதற்கு மேலே எட்டி, கீழ்நோக்கி நன்றாகச் சாய்க்க வேண்டும். இரண்டு, ஒரு தடவை திருப்பிப் பூட்டினால் பூட்டியதுதான், மறுநாள் காலையிலும் அதே இடத்தைக் காட்ட வேண்டும். மூன்று, செல்போனை ஸ்கோப்பில் மாட்டிக் கால் மணி நேரம் வீடியோ எடுத்தால் போன் எடைக்குத் தலை தொங்கக் கூடாது. கடற்காற்றுக்குத் தாங்க வேண்டும்.

ஜாக்சனைப் பற்றி ஒரு பாரா எழுதினேன், நீ ஒரு வரி எழுதவில்லை. கழுவுற மீனில் நழுவுற மீன் நீ. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

அன்புத் தங்கை,
ரெனிட்டா


கோத்தகிரி,
30.6.2025

அன்புத் தங்கை ரெனிட்டாவுக்கு,

நலம். இங்கே விடாத மழை.

உன் மூன்று கேள்வியையும் இரண்டு தடவை படித்தேன். நான் தொழில்காரன், என்னிடம் மறைக்க முடியாது. நாரை தண்ணீரில் நிற்கும், இல்லாவிட்டால் வானத்தில் பறக்கும். நாலாம் மாடியிலிருந்து கீழ்நோக்கிச் சாய்த்து, பூட்டு போட்டு, மறுநாளும் அதே இடத்தைப் பார்க்கிற பறவை எந்த ஊர்ப் பறவை? நீ எந்த வீட்டைப் பார்க்கிறாய்?

அது ஜாக்சன் வீடு என்றால் விட்டுவிடு. ஏழு வருஷம் ஆகிவிட்டது.

அண்ணன்,
ஃபிரெட்ரிக்


சாந்தோம்,
4.7.2025

அண்ணனுக்கு,

சுகம்தான். அவன் வீடுதான். மறைப்பானேன்?

மீன்காரி கயல் வந்து சொன்னாள். "டீச்சர், அந்த ஜாக்சன் சாரு காலு போச்சுன்னு ஊரை ஏமாத்திக்கினு கீறாரு. விடியக்காலைல பின்வாசல்ல வாக்கரு இல்லாம நிக்கிறாரு, என் கண்ணால பாத்தேன்." அன்றைக்கு வாங்கிய சங்கராவைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு மாடிக்கு ஓடினேன். இரண்டு கட்டடத்துக்கு நடுவே ஒரு சந்து. அது வழியாக அவன் வீட்டுப் பின்முற்றம் மட்டும் தெரிகிறது, ஒரு பாய் அகலத்துக்கு. அவன் நடக்கிறதை வீடியோ எடுப்பேன். பள்ளித் தாளாளரிடம் கொடுப்பேன், பங்குப் பேரவையில் போட்டுக் காட்டுவேன். காலில் பொய் சொன்னவன் பிரகாசத்தைப் பற்றிச் சொன்னதும் பொய்தானே? பள்ளி என் புருஷன் குடிகாரர் இல்லை என்று எழுதித் தர வேண்டும். அதுவரைக்கும் எனக்குத் தூக்கம் வேண்டாம்.

மன்னிக்கச் சொல்லிச் சாமியார் பிரசங்கம் வைக்கிறார். அவர் வைக்கட்டும். என் மனுஷன் கிறிஸ்துமஸ் ஒயினைக் கூட உதட்டில் தொட்டு வைத்துவிடுவார். "குடிகார மாஸ்டர்" என்று பெட்டிக்கடையில் பையன்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு, வாங்கிய பேப்பரைக் கூட எடுக்காமல் வீட்டுக்கு வந்தார். அந்த முகத்தை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை.

சொல், டிரைபாட் காலுக்கு லிவர் வைத்த பூட்டா, முறுக்குகிற பூட்டா? எது நல்லது?

தங்கை,
ரெனிட்டா


கோத்தகிரி,
13.7.2025

அன்புத் தங்கை ரெனிட்டாவுக்கு,

உன் கோபம் நியாயம்தான். பார்க்கிறதானால் தூரத்திலிருந்தே பார். அவன் வீட்டு வாசலை மட்டும் மிதிக்காதே. அவனிடம் பேசாதே. வாயால் ஆளைக் கவிழ்க்கிறவன். இதை அண்ணன் சொல்லாக எடுத்துக்கொள்.

முறுக்குப் பூட்டு வாங்கு. உப்புக்காற்றில் மணல் ஏறினால் கழற்றி நல்ல தண்ணீரில் கழுவிவிடலாம். லிவர் பூட்டு பழசானால் மூடியிருக்கிற மாதிரி காட்டும், பிடித்திருக்காது. பூட்டு உடைந்தால் கறுப்பு டேப் சுற்றி ஓட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதே. டேப் உடனே விடாது. அரை மணி நேரம் அசையாமல் நின்று நம்பவைக்கும். விளக்குச் சூட்டில் பசை இளகி, கால் அங்குலம் அங்குலமாக உள்ளே இறங்கி, அப்புறம்தான் மொத்தமாகச் சாயும். அப்போது பிடிக்கக் கூட நேரம் இருக்காது.

டிரைபாட் நடுவில் கொக்கி இருக்கும், அதில் ஒரு பையைத் தொங்கவிடு. ஆடாது.

அண்ணன்,
ஃபிரெட்ரிக்


சாந்தோம்,
2.8.2025

அண்ணனுக்கு,

எனக்குச் சுகம். நீ சொன்னபடியே வாங்கினேன், மூன்று மடிப்பு, முறுக்குப் பூட்டு, சின்ன ஃப்ளூயிட் ஹெட். கொக்கியில் வெங்காயப் பை. கல் மாதிரி நிற்கிறது. உனக்குத் தொழில் தெரியும், அதை ஒத்துக்கொள்கிறேன்.

பதினோரு நாள் காலையில் பார்த்தேன். ஐந்தரை மணிக்கு ஜாக்சன் பின்வாசலுக்கு வருவான். அவன் மனைவி லிண்டா வாக்கரை எடுத்து ஓரமாக வைத்துவிடுவாள். கயல் பார்த்தது அதைத்தான். அப்புறம் நடந்ததைக் கயல் நின்று பார்க்கவில்லை. சுவரைப் பிடிக்காமல் துளசிச் செடி வரை போக முயற்சி செய்கிறான். ஏழு அடி இருக்கும். மூன்றாம் அடியில் இடது கால் மடிந்து விழுகிறான். லிண்டா தூக்குவதில்லை, தூக்க வேண்டாம் என்று கையைக் காட்டிவிடுகிறான். எழுந்திருக்கவே ஐந்து நிமிடம். திரும்பவும் மூன்று அடி. முழங்கையில் ரத்தம் வருகிறது கூட அந்த ஸ்கோப்பில் தெரிகிறது. பதினோரு நாளும் அதே மூன்று அடிதான்.

நடிக்கிறவன் ஆள் இல்லாத இடத்தில் எதற்கு விழுவான்? என் கோபத்துக்கு உட்கார இடமில்லாமல் போய்விட்டது. எரிச்சலோடு உன் கடிதத்தை மறுபடியும் எடுத்தேன்.

என் ஸ்கோப்புக்கு விளக்குச் சூடு எங்கேயிருந்து வந்தது, அண்ணா? அந்த ஆண்டுவிழாவில் இறைவணக்கம், அறிக்கை, பரிசளிப்பு முடிய அரை மணி நேரம். ஸ்டாண்ட் அதுவரை நின்றுவிட்டுத்தான் விழுந்தது. ஸ்டாண்ட் உன் ஸ்டூடியோவுடையது. அன்றைக்கு மதியம் எடுத்த ஒரு படம் என்னிடம் இருக்கிறது. பிரகாசம் நாற்காலி அடுக்குகிறார், பின்னால் ஸ்டாண்ட். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கீழ்க்காலில் கறுப்பாக ஒரு சுற்று. அது என்ன?

இதற்கு மட்டும் பதில் எழுது.

ரெனிட்டா


கோத்தகிரி,
11.9.2025

அன்புத் தங்கை ரெனிட்டாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். நான் வேலை பார்க்கிற பள்ளியில் காலாண்டுத் தேர்வு, எனக்குக் காய்ச்சல், தபால்காரர் வேறு லீவு. நீ நலம்தானே? ஆரோக்கிய மாதா திருவிழாவுக்குப் பெசன்ட் நகர் போனாயா?

கார்பன் டிரைபாட் ஒன்று மலிவாக வந்திருக்கிறது. உனக்கு வாங்கி வைத்திருக்கிறேன், அதை உன் நினைவாக வைத்துக்கொள், இல்லை, என் நினைவாக. நவம்பரில் மச்சானின் நினைவுப் பூசைக்கு வரும்போது கொண்டுவருகிறேன். எப்போதும் போல மன்றாட்டை நானே வாசிக்கிறேன். ஜனவரியிலிருந்து சென்னையோடு வந்துவிடலாம் என்றும் யோசனை. வயசாகிறது, தனிக்கட்டை, சொந்தப் பங்கில் சாக வேண்டும்.

டேப் பற்றி ஏதோ கேட்டிருந்தாய். பழைய கதை, எனக்கு நினைவில்லை.

அண்ணன்,
ஃபிரெட்ரிக்


சாந்தோம்,
20.9.2025

அண்ணனுக்கு,

உன் காய்ச்சல் விட்டதா?

உன் பதில் வராத ஆறு வாரத்தில் நான் சும்மா இருக்கவில்லை. மிதிக்காதே என்று நீ சொன்ன வாசலை மிதித்தேன். லிண்டா கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, நாற்காலியை இழுத்துப் போட்டாள். என் புருஷன் குடித்திருந்தார் என்று ஏன் சொன்னீர்கள் என்று நேராகவே ஜாக்சனிடம் கேட்டேன்.

"நானா? என்னை யாரு டீச்சர் விசாரிச்சாங்க? நாலு மாசம் ஆஸ்பத்திரில படுத்துக்கினு இருந்தேன். லைட்டு தானா எறங்கிச்சு, அப்புறம் சாஞ்சிச்சு. பிரகாசம் சாரு அப்போ வாசல் கேட்டாண்ட பசங்களுக்குத் தண்ணி குடுத்துக்கினு இருந்தாரு. அதைச் சொல்லத்தான் வாக்கர் புடிச்சதும் மொதல்ல ஒங்க வூட்டுக்கு வந்தேன். நீங்க மூஞ்சில அடிச்ச மாதிரி கதவைச் சாத்திட்டீங்க."

சாத்தினேன், அண்ணா. அவர்தான் காட்டிக்கொடுத்தவர் என்று நீ சொன்னதை நம்பிச் சாத்தினேன். அப்புறம் பிரகாசத்தின் சாவுக்கு வந்தபோதும் படியிலேயே திருப்பி அனுப்பினேன்.

இன்சூரன்ஸுக்காக லிண்டா வாங்கி வைத்திருந்த விசாரணை நகலைக் கொண்டுவந்தாள். அதில் ஒரே ஒரு சாட்சி. "பிரகாசம் மது வாசனையுடன் வந்து ஸ்டாண்டின் காலில் இடறியதை நேரில் பார்த்தேன்." கீழே உன் கையெழுத்து. அதற்கும் கீழே, "படித்துப் பார்த்தேன்" என்று பிரகாசத்தின் கையெழுத்து.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. பதினோரு மாதம் என்னிடம் சொல்லவில்லை. எனக்கு இருக்கிற ஒரே கூடப்பிறந்தவன் நீ என்று வாயை மூடிக்கொண்டார். நீ ஞாயிறு தவறாமல் வந்து என் கையால் சாப்பிட்டாய். வறுத்த வஞ்சிரத்தில் பெரிய துண்டை எடுத்து உன் தட்டில் வைத்தது அவர்தான். அதையும் முள் எடுத்துச் சாப்பிட்டாயே, பாவி.

மன்றாட்டை வாசிக்கிறேன் என்றாய். சரி. இந்தத் தடவை நான் எழுதித் தருகிறேன், பெரிய எழுத்தில், கண்ணாடி இல்லை என்று சொல்லாதபடி:

"இரக்கமுள்ள ஆண்டவரே, விளக்கு ஸ்டாண்டின் உடைந்த பூட்டில் டேப் சுற்றி நிறுத்தியவன் நான். என் தொழிலைக் காப்பாற்றிக்கொள்ள, குடிக்காத என் மச்சான் குடித்திருந்தார் என்று பொய் எழுதிக் கொடுத்தவனும் நான். அவர் ஆன்மா இளைப்பாறவும், நான் மனந்திரும்பவும் உம்மை மன்றாடுகிறேன்."

நவம்பர் 22, சனிக்கிழமை, மாலை ஆறு மணிப் பூசை. ஜாக்சன் முதல் வரிசையில் இருப்பார்.

ரெனிட்டா


கோத்தகிரி,
12.11.2025

என் அன்பான தங்கச்சிக்கு,

ஒன்றரை மாதமாக இந்தத் தாளை எடுத்து எடுத்து வைக்கிறேன். நான்தான் செய்தேன். டேப் சுற்றினது நான்தான். அன்றைக்கு வேறு ஸ்டாண்ட் இல்லை, முகூர்த்த நாள், எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தது. இரண்டு மணி நேரம் தாங்கும் என்று நினைத்தேன். போலீஸ் கேஸ் ஆனால் ஸ்டூடியோ போய்விடும். மச்சானுக்கு ஒரு மெமோ கொடுத்துவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்துத்தான் அப்படி எழுதிக் கொடுத்தேன். சத்தியமாக வேலை போகும் என்று நினைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் மட்டும் சொல்லி அழுதேன். "ரெனிட்டாவுக்குத் தெரிய வேணாம், அவ தாங்க மாட்டா" என்றார்.

என்னை நீ எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் கோயிலில் வேண்டாம். நான் பூசைக்கு வரவில்லை. அந்தச் சனத்துக்கு முன்னால் என்னால் நிற்க முடியாது. ஜனவரியில் வந்து உன் காலில் விழுகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துப் போடு. உனக்கு நான் ஒரே அண்ணன்.

ஃபிரெட்ரிக்


சாந்தோம்,
25.11.2025

ஃபிரெட்ரிக்குக்கு,

பூசை நன்றாக நடந்தது. மழையிலும் நல்ல கூட்டம்.

மன்றாட்டு நேரம் வந்ததும் நான் எழுந்திருக்கவில்லை. ஜாக்சன் எழுந்தார். பீடத்துக்கு மூன்று படி. வாக்கரைக் கீழேயே விட்டுவிட்டார். பீடச்சிறுவர்கள் கை கொடுக்கப் போனார்கள், வேண்டாம் என்றார். முதல் படியில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டார். கையை ஊன்றி மறுபடியும் எழுந்தார். மேலே போய், மைக்கைப் பிடித்துக்கொண்டு, நான் எழுதிய தாளைப் பிரித்தார். "நான்", "என்" என்று இருந்த இடத்திலெல்லாம் உன் முழுப்பெயரைப் போட்டு வைத்திருந்தேன். தெளிவாக, பாட்டுக்கு ஸ்வரம் சொல்கிற மாதிரி, ஒரு எழுத்து விடாமல் வாசித்தார்.

வாசித்து முடித்து "உம்மை மன்றாடுகிறோம்" என்றதும் சனம் பழக்கத்தில் ஒரே குரலாக, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவர்களுக்கு உறைத்தது. முன்னூறு தலை என் பக்கம் திரும்பியது. நான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். எனக்கு மனசு குளிர்ந்தது, ஃபிரெட்ரிக். கோயிலுக்குள் அப்படிக் குளிரலாமா என்று தெரியாது. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

பூசை முடிந்ததும் பெட்டிக்கடைக்காரர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் அழவில்லை.

கடிதத்தைக் கிழிக்கச் சொன்னாய். விசாரணை நகலில் இருந்தது உன் பொய். படத்தில் இருந்தது வெறும் கறுப்புக் கோடு. உன் வாயால் நீ சொன்னது என்று ஒன்றுமே இல்லாமல்தான் இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தேன். பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தில் இரண்டு பக்கத்துக்கு, உன் கையெழுத்தில், தேதி போட்டுக் கொடுத்தாய். நேற்று அதைத் தாளாளரிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு தடவை படித்தார். பிரகாசத்தின் மீதான குற்றச்சாட்டை ரத்து செய்து எழுத்தில் தருவதாகச் சொன்னார். உன் மேல் என்ன செய்வது என்று வக்கீலைக் கேட்கப்போகிறார்களாம். அது அவர்கள் பாடு.

ஜனவரியில் வருவதாக இருந்தால் வா. சொந்தப் பங்கு, யாரும் தடுக்க மாட்டார்கள். எல்லோருக்கும் உன்னைத் தெரியும்.

முழங்காலைப் பார்த்துக்கொள். குளிரில் வெளியே நிற்காதே. ஆண்டவர் உனக்கு நீண்ட ஆயுசு கொடுக்க வேண்டும் என்று தினமும் மன்றாடுகிறேன், மனதார.

இப்படிக்கு,
பிரகாசத்தின் மனைவி
ரெனிட்டா